‘அந்த நாள்’ முதல் ‘நடு இரவில்’ வரை: எஸ். பாலசந்தரின் சஸ்பென்ஸ் படங்கள் கெடாவில் இருந்து பார்த்தால் ஏன் வேறாகத் தெரிகின்றன?

தீபாவளி முடிந்த மறுநாள் மத்தியானம். சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ பீடோங்கிலோ உங்கள் வீட்டு முன்கூடத்தில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும். முறுக்கு டின் பாதி காலி. யாராவது ஒருத்தர் ரிமோட்டை எடுத்து, "நல்லதா ஒரு சஸ்பென்ஸ் படம் போடுப்பா" என்பார்.

இளையவர்கள் கொரியத் தொடர் ஒன்றைச் சொல்வாங்க. ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்த சித்தப்பா, "ஹிட்ச்காக்கை மிஞ்ச ஆள் இல்லை" என்பார். மூலையில் இருக்கும் தாத்தா மட்டும், "‘அந்த நாள்’ இருக்கா பாரு" என்பார்.

தாத்தா சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாங்க. கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் 1954-ல் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர் யார், அவருடைய மற்ற படங்கள் எவை, கெடாவில் வளர்ந்த ஒருவருக்கு அந்தக் கதைகள் ஏன் கொஞ்சம் கூடுதலாக உறைக்கும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை: கொலையாளி யார் என்பதை எந்தப் படத்துக்கும் சொல்லப்போவதில்லை. ‘அந்த நாள்’ கதையின் ஒரு முக்கியத் திருப்பத்தை மட்டும் பேசியே ஆக வேண்டும். அதுவும் தெரியக் கூடாது என்றால், படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை இங்கேயேதான் இருக்கும்.

யார் இந்த பாலசந்தர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘எதிர்நீச்சல்’, ‘அரங்கேற்றம்’, ‘அவள் ஒரு தொடர்கதை’ எடுத்தவர் கே. பாலசந்தர். நாம் பேசப்போவது எஸ். பாலசந்தர். இசை ரசிகர்களுக்கு ‘வீணை’ பாலசந்தர் என்றால் உடனே தெரியும்.

1927 ஜனவரி 18-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கஞ்சிரா வாசித்தார். 1934-ல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் குழந்தை நடிகராகத் தலைகாட்டினார். அதே படத்தில் ராமராக நடித்தவர் அவருடைய அண்ணன் எஸ். ராஜம். பின்னாளில் ஓவியராகவும் கர்நாடக இசைப் பாடகராகவும் பெயர் பெற்றவர்.

பாலசந்தர் வீணையைக் குரு யாரிடமும் உட்கார்ந்து கற்கவில்லை. தானாகவே கற்றுக்கொண்டார். நடிப்பு, இயக்கம், இசையமைப்பு என்று சினிமாவில் எல்லாவற்றையும் செய்தார். 1951-ல் வந்த ‘கைதி’ படத்தை இயக்கி, நடித்து, இசையும் அமைத்தார். ‘அந்த நாள்’ வெளியானபோது அவருக்கு வயது 27 மட்டுமே.

1970-க்குப் பிறகு அவர் படம் இயக்கவில்லை. வாழ்க்கையின் மிச்ச ஆண்டுகள் முழுவதும் வீணைக்குப் போயின. 1982-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1990 ஏப்ரல் 13-ல் பிலாய் நகரில் காலமானார். ‘அந்த நாள்’ வெளியானதும் ஓர் ஏப்ரல் 13-ல்தான். இடையில் 36 ஆண்டுகள்.

சஸ்பென்ஸ் என்றால் என்ன?

‘சஸ்பென்ஸ்’ என்ற சொல்லை நாம் எல்லாத்துக்கும் பயன்படுத்துகிறோம். பேய்ப் படமும் சஸ்பென்ஸ், கொலைப் படமும் சஸ்பென்ஸ். ஆனால் அந்தக் கலையின் வாத்தியார் என்று உலகமே சொல்லும் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், ஒரு எளிமையான வித்தியாசம் காட்டினார். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் 1962-ல் நடத்திய நீண்ட உரையாடலில் அவர் சொன்ன விளக்கம் இது.

இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாது. திடீரென்று வெடிக்கிறது. அது அதிர்ச்சி, சில விநாடிகளோடு முடிந்துபோகும். அதே காட்சியில் குண்டு இருப்பது நமக்கு முன்பே தெரிந்து, பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் இருந்தால்? அவர்கள் என்ன வெட்டிப் பேச்சு பேசினாலும் நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம். அதுதான் சஸ்பென்ஸ். அது கால் மணி நேரம் நீடிக்கும்.

நம்ம ஊர்க் கணக்கில் இப்படிச் சொல்லலாம். விடியற்காலை, இருட்டு விலகாத ரப்பர் காடு. ஒரு அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் மரம் சீவிக்கொண்டு போகிறார். நாலு மரம் தள்ளி, மங்குக்குக் கீழே ஒரு பாம்பு சுருண்டு கிடப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அவர் பார்க்கவில்லை. முதல் மரம், இரண்டாம் மரம், மூன்றாம் மரம். அவர் பாட்டுக்குப் பேத்திக்குப் பள்ளிச் சட்டை தைக்கக் கொடுத்ததைப் பற்றிப் பக்கத்து நிரைக்காரரிடம் பேசிக்கொண்டே வருகிறார். உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது, இல்லையா?

பார்ப்பவருக்குத் தெரிந்ததும் பாத்திரத்துக்குத் தெரியாததும் சேரும் இடத்தில் சஸ்பென்ஸ் பிறக்கிறது. ‘கொலை செய்தது யார்?’ என்ற புதிர் இன்னொரு வகை. அங்கே நமக்கும் தெரியாது. பாலசந்தர் இரண்டு வகையிலும் படம் எடுத்தார்.

‘அந்த நாள்’: கதாநாயகன் முதல் காட்சியிலேயே சாகும் படம்

1950-ல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா எடுத்த ‘ராஷோமோன்’, 1951-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் கதை. அந்தப் படத்தைப் பார்த்த பாலசந்தர், அந்தக் கதை சொல்லும் முறையில் ஒரு நாடகம் எழுதினார். அதை அகில இந்திய வானொலி ஏற்கவில்லை. பிறகு ஏ.வி. மெய்யப்பனிடம் போய்க் கதை சொன்னார். ஏவிஎம் தயாரித்தது. ஜாவர் சீதாராமன் வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார்.

ரேடியோ இன்ஜினியர் ஒருவரைப் பற்றிய கதையை ரேடியோ நிலையம் திருப்பி அனுப்பியது! வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எப்போதும் கொஞ்சம் குத்தும் செய்தி.

படம் துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. சென்னை திருவல்லிக்கேணியில் ராஜன் என்ற இளைஞர் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறார். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’யில் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அவரை எடுத்த எடுப்பிலேயே பிணமாக்கிக் கதையை ஆரம்பிப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

இதில் ஒரு சுவாரசியம். முதலில் வேறொரு நடிகரை வைத்துத்தான் படத்தை எடுத்தார்கள். மெய்யப்பனுக்குத் திருப்தி வரவில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டு, சிவாஜியை வைத்து மறுபடியும் எடுத்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்பில் இருந்த பெண், மனைவி உஷா என ஒவ்வொருவராக வாக்குமூலம் தருகிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு ராஜன். ஒருவருக்கு அவன் கறார் பேர்வழி, இன்னொருவருக்குக் காதலன், மற்றொருவருக்கு அண்ணன். உஷாவாக நடித்தவர் பண்டரிபாய். ‘பராசக்தி’யிலும் சிவாஜிக்கு ஜோடி அவர்தான்.

இந்தப் படத்தில் பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டையும் கிடையாது. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் இதுதான். ஒரு படத்தில் பத்துப் பாட்டு சாதாரணமாக இருந்த காலம் அது. முதல் வெளியீட்டில் வசூல் பெரிதாக இல்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்து, மறுபடி வெளியிட்டபோதுதான் நல்ல வரவேற்பு வந்தது.

‘ராஷோமோன்’ படத்துக்கும் இதுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குரோசவா கடைசிவரை எது உண்மை என்று சொல்லமாட்டார். பாலசந்தர் சொல்லிவிடுவார். ‘அந்த நாள்’ முடியும்போது கொலை செய்தது யார், ஏன் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

1943 அக்டோபர்: சென்னையில் ஒரு குண்டு, கெடாவில் ஒரு கொடி

இங்கேதான் நாம் சொன்ன திருப்பம் வருகிறது. ராஜன் கொல்லப்படுவது 1943 அக்டோபர் 11-ஐ ஒட்டி. அன்றுதான் ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு போட்டது. ராஜன் ரேடியோ மூலம் ஜப்பானியர்களுக்கு ரகசியம் விற்றுக்கொண்டிருந்தவன் என்பது படத்தில் மெல்ல மெல்ல வெளியாகிறது.

ஏழைக்கும் எட்டும் விலையில் ரேடியோ செய்ய வேண்டும் என்பது அவன் கனவு. உதவி கேட்டு அதிகாரக் கதவுகளைத் தட்டுகிறான், ஒன்றும் திறக்கவில்லை. அறிவுக்கு மதிப்புத் தராத நாட்டை விற்றால் என்ன தப்பு என்று அவன் மனம் திரும்புகிறது. சிவாஜி இதை வில்லன் சிரிப்போடு செய்யவில்லை. ஒரு கெட்டிக்காரன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்கிற தொனியில் செய்கிறார். அதனால்தான் இன்றைக்கும் அந்தப் பாத்திரம் பயமுறுத்துகிறது.

சரி, அதே அக்டோபரில் கெடாவில் என்ன நடந்துகொண்டிருந்தது?

• அக்டோபர் 11: சென்னையில் குண்டுவீச்சு. கெடா அப்போது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக ஜப்பானியர் கையில்.
• அக்டோபர் நடுவில்: சயாம்–பர்மா மரண ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் அதில் வேலை செய்தார்கள். மிகப் பலர் திரும்பி வரவில்லை.
• அக்டோபர் 18: கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. கெடாவின் பெயர் ‘சைபுரி’ ஆனது. போர் முடியும்வரை அப்படியே இருந்தது.
• அக்டோபர் 21: சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார்.

பத்தே நாள். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ‘அந்த நாள்’ பார்த்தால், அது நிச்சயம் வேறு படம்.

சென்னையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கணக்கு சுலபம். ஜப்பானுக்கு உதவுகிறவன் துரோகி. கெடாத் தோட்டத்துக் குடும்பத்துக்கு அப்படி ஒரே வரியில் முடியாது. ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பையன் ஜப்பான் துணையோடு நின்ற இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருப்பான்; அடுத்த வீட்டு அப்பாவை அதே ஜப்பான் ரயில் போடக் கொண்டுபோயிருக்கும். ஒருவருக்கு ஜப்பான் விடுதலைக்கு வழி, இன்னொருவருக்கு எமன். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

அலோர் ஸ்டாரில் ஒரு நிஜ ‘ரேடியோ’ வழக்கு

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அதே நாளில் கெடாவின் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி விமானத் தளங்கள் மீதும் குண்டு விழுந்தது. தரையில் நின்ற விமானங்கள் பல கிளம்பும் முன்பே அழிந்தன. எதிரிக்கு எல்லாம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரிகிறது என்ற கேள்வி பிரிட்டிஷ் முகாமில் எழுந்தது.

டிசம்பர் 10-ல் ஒருவர் கைது செய்யப்பட்டார். பெயர் பேட்ரிக் ஹீனன். நியூசிலாந்தில் பிறந்தவர், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் கேப்டன். வட மலாயா விமானத் தளங்களில் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இடையே தொடர்பு வேலை பார்த்தவர். ரேடியோ மூலம் ஜப்பானியருக்குத் தகவல் அனுப்பினார் என்பது அவர் மீதான சந்தேகம். சிங்கப்பூரில் ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் சரணடைவதற்குச் சற்று முன் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று சொல்லப்படுகிறது.

‘அந்த நாள்’ கதைக்கு இதுதான் மூலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரேடியோ வழியாக நாட்டை விற்பது என்பது கெடாவில் வெறும் சினிமாக் கற்பனை இல்லை.

அதே டிசம்பரில், அதே அலோர் ஸ்டாரில் இன்னொன்றும் நடந்தது. ஜித்ரா சண்டையில் பிரிட்டிஷ் தரப்பு சிதறியபோது, 14-ஆவது பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங் ஜப்பானியர் பக்கம் வந்தார். அலோர் ஸ்டாரில் ஜப்பானிய மேஜர் புஜிவாராவோடு பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் விதை விழுந்தது அங்கேதான். ஒரு கேப்டனுக்குத் துரோகி என்ற பெயர், இன்னொரு கேப்டனுக்கு விடுதலை வீரர் என்ற பெயர். இருவரும் சத்தியம் செய்து சேர்ந்தது ஒரே ராணுவத்தில்.

ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டு ரேடியோவை ஒளிந்து கேட்பதே கடும் தண்டனைக்குரிய குற்றம். ரேடியோ என்றாலே வீட்டில் குரல் தாழும். அந்தத் தலைமுறை ஆட்கள் ‘அந்த நாள்’ படத்தில் ராஜன் ரேடியோவுக்கு முன் குனியும்போது என்ன உணர்ந்திருப்பாங்க என்று யோசித்துப் பாருங்கள். குண்டு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். ஹிட்ச்காக் சொன்ன சஸ்பென்ஸ் அதுதான்.

திடலில் படம் பார்த்த காலம்

‘அந்த நாள்’ வந்த 1954-ல் மலாயாவில் அவசரகாலம். 1948 முதல் 1960 வரை நீடித்தது. ஊரடங்கு, முள்வேலி, சோதனை எல்லாம் தோட்ட வாழ்க்கையின் பகுதி. அந்தச் சூழலில் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவது ஒரு சின்னத் திருவிழா. பாயோடும் போர்வையோடும் குடும்பமே போகும். முன்பக்கம் இடம் இல்லாதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, எல்லாமே இடம் வலம் மாறிய படத்தைப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு புரொஜெக்டர் என்றால் ரீல் முடியும்போது படம் நிற்கும். விளக்கு எரியும். அடுத்த ரீல் ஏறும்வரை அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க முடியுமா? "தம்பிதான் சுட்டிருப்பான்", "இல்லப்பா, அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் முழியே சரியில்லை" என்று விவாதம் ஓடும். நெட்ஃபிளிக்ஸில் ‘அடுத்த பாகம்’ பொத்தானை அமுக்கும் நமக்கு அந்த அஞ்சு நிமிஷம் கிடைப்பதில்லை. சஸ்பென்ஸ் படத்தில் பாதிச் சுவை அந்த இடைவெளியில்தான் இருந்தது.

1963 டிசம்பர் 28-ல் மலேசியாவில் தொலைக்காட்சி வந்தது. திடலில் இருந்த கூட்டம் மெல்ல மெல்ல டிவி இருந்த ஒரு வீட்டு வாசலுக்கு இடம் மாறியது. பிறகு அந்த வாசலும் காலியானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. 1996-ல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க்கைச் சுற்றி இன்றைக்கு வேறு ஒரு ஊர் எழுந்திருக்கிறது.

‘பொம்மை’: மேசைக்கு அடியில் இருந்த குண்டு நடக்கத் தொடங்கினால்

ஹிட்ச்காக் சொன்ன சூத்திரத்தைத் தமிழில் அப்படியே செய்துகாட்டிய படம் 1964-ல் வந்த ‘பொம்மை’. தயாரிப்பு, இயக்கம், இசை மூன்றும் பாலசந்தர். நடிக்கவும் செய்தார்.

வெளிநாடு புறப்படும் ஒரு பணக்காரரைத் தீர்த்துக்கட்ட ஒரு கும்பல் திட்டம் போடுகிறது. ஆயுதம்: வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை. ஆனால் பொம்மை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கை மாறி, ஆள் மாறி ஊரைச் சுற்றுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைத் தேடி ஓடுகிறார்கள். தெரியாதவர்கள் அதைக் கொஞ்சுகிறார்கள்.

கொலையாளி யார் என்பது இங்கே புதிர் இல்லை. நமக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் பொம்மையைத் தூக்கும் ஒவ்வொரு கையையும் பார்த்து நாம் பதறுகிறோம்.

ஹிட்ச்காக்கின் 1936-ஆம் ஆண்டுப் படம் ‘சபோடாஜ்’. அதில் ஒரு சிறுவன், பொட்டலத்தில் குண்டு இருப்பது தெரியாமல் லண்டன் வீதிகளில் தூக்கிக்கொண்டு போவான். குண்டு வெடித்துவிடும், சிறுவன் இறந்துபோவான். அப்படிச் செய்தது தப்பு என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் ஒத்துக்கொண்டார். பார்ப்பவரை அவ்வளவு நேரம் பதறவைத்துவிட்டு, நிம்மதி தராமல் விட்டதில் ரசிகர்களுக்குக் கோபம் வந்தது. ‘பொம்மை’ படத்தை ‘சபோடாஜ்’ பார்த்த கையோடு பாருங்கள். பாலசந்தர் எந்த இடத்தில் வேறு பாதை எடுக்கிறார் என்பது புரியும்.

படம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். கடைசியில் பாலசந்தரே திரையில் வந்து, நடித்தவர்களையும் வேலை செய்தவர்களையும் அறிமுகப்படுத்துவார். அன்றைக்கு அது புதுசு. கே.ஜே. யேசுதாஸின் தொடக்ககாலத் தமிழ்ப் பாடல்களில் ஒன்றும் இந்தப் படத்தில்தான்.

‘நடு இரவில்’: தீவு வீட்டில் ஒவ்வொருவராக

அகதா கிறிஸ்டி 1939-ல் எழுதிய நாவல் ஒன்று உலகமெங்கும் பல கோடிப் பிரதிகள் விற்றது. தனித்தீவில் மாட்டிக்கொண்ட பத்துப் பேர் ஒவ்வொருவராகச் சாகும் கதை. அதைத் தமிழ்க் குடும்பத்துக்குள் கொண்டுவந்ததுதான் ‘நடு இரவில்’.

சொந்தபந்தத்தை விட்டு விலகி, தீவு வீட்டில் மனைவியோடு வாழும் பணக்காரர் (மேஜர் சுந்தரராஜன்). மனைவி மனநலம் குன்றியவர் (சௌகார் ஜானகி). பணக்காரருக்கு நாள் எண்ணப்படுகிறது என்று டாக்டர் சொல்கிறார். டாக்டராக வருபவர் பாலசந்தரே. ஒதுக்கிவைத்த உறவுகள் எல்லாம் சொத்து ஆசையில் வந்து இறங்குகின்றன. பிறகு பிணங்கள் விழ ஆரம்பிக்கின்றன.

கிறிஸ்டியின் கதையில் அந்தப் பத்துப் பேரும் அந்நியர்கள். இங்கே எல்லாரும் சொந்தக்காரர்கள். ஒரு சாவு விழுந்தால் அழுதுகொண்டே சொத்துக் கணக்குப் போடுகிற அண்ணி, அத்தான், மருமகள் கூட்டம். நம்ம வீட்டு விசேஷங்களில் பார்த்த முகங்கள்தான். அதனால்தான் இந்தப் படம் பயமுறுத்துவதோடு சிரிக்கவும் வைக்கிறது.

படம் தயாராகியும் வாங்க ஆள் இல்லாமல் சில ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 1970-ல் வெளியானது. அவர் இயக்கிய கடைசிப் படம் அதுதான்.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

பழைய படம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு யோசனை:

1. முதலில் ‘நடு இரவில்’. வேகம் இன்றைய ரசனைக்கு நெருக்கம். பிள்ளைகளோடு பந்தயம் கட்டிப் பார்க்கலாம்.
2. அடுத்து ‘பொம்மை’. கூடவே ‘சபோடாஜ்’ கிடைத்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக.
3. மூன்றாவதாக ‘அந்த நாள்’. இதை அவசரமாகப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் பிறகு நிறுத்தி, யார் மேல் சந்தேகம் என்று வீட்டில் ஒரு சுற்றுக் கேளுங்கள். திடலில் ரீல் மாறும்போது நடந்ததை நீங்களே நடத்திப் பார்க்கலாம்.
4. ருசி பிடித்துவிட்டால் ‘அவனா இவன்’ (1962). இதையும் பாலசந்தரே இயக்கி நடித்தார்.

‘அந்த நாள்’ வந்த அதே 1954-ல்தான் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ படமும் வந்தது. அங்கே காலுடைந்த ஒருவர் ஜன்னல் வழியே அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்துப் பார்த்து ஒரு கொலையைச் சந்தேகிக்கிறார். இங்கே ஒரு வீட்டுக்குள் நடந்த கொலையை அக்கம்பக்கமும் குடும்பமும் வாயால் சொல்கின்றன. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: அடுத்தவரைப் பற்றி நமக்கு உண்மையில் எவ்வளவு தெரியும்?

படம் முடிந்த பிறகு ஒரு கேள்வி

‘அந்த நாள்’ முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் ஒன்றைக் கேளுங்கள். "ஜப்பான்காரன் காலத்துல நம்ம குடும்பம் எங்க இருந்துச்சு? யார் போனாங்க, யார் திரும்பினாங்க?"

அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றைக்குத் தொண்ணூறை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கே எழுபது ஆகிவிட்டது. பாடாங் செராய்ப் பக்கம் ஒரு பாட்டி ஒரு மாதிரி சொல்வார். பாலிங்கில் இருக்கும் அவர் தம்பி வேறு மாதிரி சொல்வார். ஒருவர் கதையில் வீரனாக வரும் சித்தப்பா, இன்னொருவர் கதையில் வீட்டை அம்போ என்று விட்டுப்போனவராக வருவார். குறுக்கிட்டு, எது உண்மை என்று கேட்டு மடக்க வேண்டாம். ஃபோனில் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். தேதியும் தோட்டத்தின் பெயரும் சேர்த்து எழுதிவையுங்கள். எல்லாரும் சொல்லி முடிக்கட்டும்.

படத்தில் ஜாவர் சீதாராமனின் அதிகாரி செய்வதும் இதைத்தான். ஒவ்வொருவரையும் பேசவிடுகிறார், பொறுமையாகக் கேட்கிறார். அவருக்குக் கடைசியில் விடை கிடைத்துவிடுகிறது. நமக்கு முழுசாகக் கிடைக்காமல் போகலாம். ஆனால் கேட்காமல் விட்டால், சாட்சிகளே இல்லாமல் போய்விடுவார்கள்.